படிவத்தில் இனம் கேட்டால்: சரியான கட்டத்தை நிரப்பவும் பூர்வீக ஆவணங்களைத் தேடவும் முழுமையான வழிகாட்டி

பள்ளிச் சேர்க்கை, வேலை விண்ணப்பம், மருத்துவமனைப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று வெளிநாட்டில் எதை நிரப்பப் போனாலும் இனம் கேட்கும் கட்டம் ஒன்று வரும். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவர் அமெரிக்கப் படிவத்தில் 'பிற ஆசியர்', பிரிட்டனில் 'வேறு ஆசியப் பின்னணி', கனடாவில் 'தெற்காசியர்', சிங்கப்பூரில் 'இந்தியர்'. ஆள் மாறவில்லை, நான்கு பதிலும் அந்தந்த நாட்டில் சரியானவைதான். இது புரியாததால்தான் பலர் ஒவ்வொரு படிவத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதிவிட்டுப் பிறகு குழம்புகிறார்கள்.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முதலில் உங்கள் விவரத் தாள், அடுத்து கேள்வியைப் பிரித்தறிவது, அதன் பிறகே கட்டம். படிவத்திலிருந்து தொடங்கினால் அங்கே அச்சிட்டிருக்கும் தேர்வுகளுக்கு ஏற்ப உங்களை வளைத்துக்கொள்வீர்கள். தாளிலிருந்து தொடங்கினால் படிவம் எதைக் கேட்கிறதோ அந்த வரியை மட்டும் எடுத்துத் தரலாம். பிற்பகுதியில் வரும் பூர்வீகத் தேடலுக்கும் இதே தாள்தான் திறவுகோல்.

1. முதலில் விவரத் தாளை எழுதுங்கள்

குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். அதில் ஏழு வரிகள்:

- இப்போதைய குடியுரிமை
- பிறந்த நாடு, ஊர்
- தாய், தந்தை பிறந்த ஊர்கள்
- தாத்தா பாட்டி நால்வரும் பிறந்த ஊர்கள்
- தாய்மொழி, வீட்டில் அதிகம் பேசும் மொழி (இரண்டும் வேறாக இருக்கலாம்)
- தன்னை எந்த மக்களில் ஒருவராகக் கருதுகிறார்
- மதம், சொல்ல விரும்பினால் மட்டும்

ஒரு மாதிரி: டொராண்டோவில் பிறந்த பெண். குடியுரிமை கனடா. தாய் பருத்தித்துறை, தந்தை நுவரெலியா. தந்தைவழித் தாத்தா பாட்டி திருச்சி மாவட்டத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். தாய்மொழி தமிழ், வீட்டில் பேசுவது ஆங்கிலமும் தமிழும். தன்னைத் தமிழர் என்று கருதுகிறார். இந்தப் பெண்ணிடம் 'நீங்கள் இலங்கையரா, இந்தியரா?' என்று கேட்டால் ஒரு சொல்லில் விடை வராது. தாளில் ஏழு வரியாகப் பிரித்துவிட்டால் எந்தக் கேள்விக்கும் விடை தயாராக இருக்கும்.

சாதியை இந்தத் தாளில் எழுத வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து வருவோருக்கு 'கம்யூனிட்டி' என்றாலே சாதிச் சான்றிதழ்தான் நினைவுக்கு வரும். அந்தப் பழக்கத்தில் வெளிநாட்டுப் படிவத்தின் இனக் கட்டத்தில் சாதிப் பெயரையோ, பிற்படுத்தப்பட்டோர் போன்ற இட ஒதுக்கீட்டுப் பிரிவையோ எழுதிவிடுகிறார்கள். அங்கே அதற்குப் பொருளே இல்லை. பழைய ஆவணங்களைத் தேடும்போது மட்டும் அது தேவைப்படலாம் என்பதால் தனித் தாளில் குறித்து வையுங்கள்.

பிறப்புச் சான்றிதழ், பழைய கடவுச்சீட்டு இவற்றில் பெயரும் ஊரும் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கின்றன என்பதையும் தாளின் ஓரத்தில் எழுதுங்கள். ஒரே ஊர்ப்பெயர் மூன்று ஆவணத்தில் மூன்று விதமாக இருப்பது சாதாரணம்.

2. எந்தக் கேள்வி என்று பிரித்தறியுங்கள்

'இனம்' என்று நாம் பொதுவாகச் சொல்வதை வெளிநாட்டுப் படிவங்கள் ஐந்தாறு தனிக் கேள்விகளாகக் கேட்கின்றன. கேள்வியின் முக்கியச் சொல்லைப் பாருங்கள்.

ரேஸ்: நாடு அல்லது கண்டம் அளவில் வகுத்த பெரிய கூடை. ஆசியர், வெள்ளையர், கறுப்பர் என்பவை இந்த வகை. இவை நிர்வாகமும் வரலாறும் வகுத்தவை. அமெரிக்க அரசின் தரநிலையே இவை உயிரியல் பிரிவுகள் அல்ல, சமூகப் பிரிவுகள் என்று சொல்கிறது. ஆகவே தோல் நிறத்தைப் பார்த்து விடை தேடாதீர்கள்.

எத்னிசிட்டி: மொழி, பண்பாடு, பொது வரலாறு சார்ந்த மக்கள் குழு. தமிழர் என்பது இங்கே பொருந்தும். ஆனால் அமெரிக்காவின் பழைய வடிவப் படிவங்களில் இந்தச் சொல் 'ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோவா (ஸ்பானிய, லத்தீன் அமெரிக்கப் பூர்வீகமா), இல்லையா' என்ற ஒரே கேள்வியை மட்டும் குறிக்கும். அங்கே 'தமிழ்' என்று எழுத இடமே இருக்காது. 'இல்லை' என்று குறித்துவிட்டு நகர வேண்டும்.

ஆன்செஸ்ட்ரி அல்லது ஆரிஜின்: முன்னோர் எங்கிருந்து வந்தார்கள், எந்த மக்கள் என்பது. நீங்கள் பிறந்த நாடு இதற்கு விடையல்ல.

நேஷனாலிட்டி: பெரும்பாலும் குடியுரிமை, அதாவது கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பது. இங்கே 'தமிழர்' என்று எழுதினால் விசா, பயணப் படிவங்கள் திரும்பி வரும். விதிவிலக்கு பிரிட்டன் கணக்கெடுப்பின் 'நேஷனல் ஐடென்டிட்டி' கேள்வி. அது நீங்கள் உங்களை எந்த நாட்டவராக உணர்கிறீர்கள் என்று கேட்பது. கடவுச்சீட்டோடு அது பொருந்த வேண்டியதில்லை.

மொழி: தாய்மொழி, முதன்மை மொழி, வீட்டில் பேசும் மொழி என்று மூன்று விதமாக வரும். தமிழர்களைப் பொறுத்தவரை படிவத்திலேயே மிக முக்கியமான வரி இதுதான் என்பது எங்கள் கருத்து. இனக் கட்டத்தில் பல நாடுகள் தமிழரைத் தனியாக எண்ணுவதில்லை. மொழிக் கட்டத்தில் எண்ணுகின்றன. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை ஆண்டுதோறும் நடத்தும் சமூக ஆய்வின் விரிவான மொழிப் பட்டியலில் தமிழுக்குத் தனி வரி உண்டு. மொழிபெயர்ப்பாளர், தமிழில் அச்சிட்ட துண்டறிக்கை, நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் என்று கேட்கும்போது காட்ட வேண்டிய எண்ணிக்கை இங்கிருந்துதான் வருகிறது. வீட்டில் தமிழ் பேசிக்கொண்டே 'ஆங்கிலம்' என்று குறிப்பவர்கள் அந்த எண்ணிக்கையைத் தாங்களே குறைக்கிறார்கள்.

3. யார், எதற்குக் கேட்கிறார்கள் என்று பாருங்கள்

கட்டாயமா, விருப்பமா என்பது இதில்தான் தெரியும்.

கணக்கெடுப்பு: பெரும்பாலான நாடுகளில் விடையளிப்பது சட்டக் கடமை. தனிநபர் விவரம் இரகசியமாகக் காக்கப்படும். அமெரிக்காவில் 72 ஆண்டுகள் வெளியிடப்படாது. இங்கிலாந்து, வேல்ஸில் மதக் கேள்வி விருப்பம்.

வேலை: அமெரிக்காவில் இனம் கேட்கும் பக்கம் விருப்பத்துக்குரியது, 'சொல்ல விரும்பவில்லை' என்ற தேர்வும் இருக்கும். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் அரசுக்கு இன வாரியான எண்ணிக்கை தர வேண்டும். நீங்கள் நிரப்பாவிட்டால், நிறுவனம் தன் பதிவேட்டையோ தோற்றத்தையோ வைத்துத் தானே பதிய இடமுண்டு. பிறர் ஊகிப்பதைவிட நீங்களே நிரப்புவது நல்லது.

மருத்துவமனை: இங்கே தயங்காமல் துல்லியமாகச் சொல்லுங்கள். தெற்காசியருக்குக் குறைந்த உடல் எடையிலேயே நீரிழிவு ஆபத்து கூடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் ஆசியருக்கு உடல் நிறைக் குறியீடு 23, 27.5 ஆகிய அளவுகளைக் கவனிக்க வேண்டிய புள்ளிகளாகப் பரிந்துரைத்தது. பொதுவான அளவுகள் 25, 30. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் ஆசிய அமெரிக்கருக்கு 23-லிருந்தே பரிசோதனை செய்யச் சொல்கிறது. பதிவில் இனக் கட்டம் வெறுமையாகவோ தவறாகவோ இருந்தால், குறியீடு 24 உள்ள ஒருவருக்கு அந்தப் பரிசோதனை நினைவூட்டல் வராமலே போகலாம். மொழிபெயர்ப்பாளர் தேவையா என்ற வரியையும் அதே நேரத்தில் நிரப்பச் சொல்லுங்கள். வயதான பெற்றோருக்காக நீங்கள் பேசினாலும், நோயாளியின் மொழி தமிழ் என்றே பதிய வேண்டும்.

அடையாள அட்டை, பிறப்புப் பதிவு: சிங்கப்பூர், மலேசியா, இலங்கை ஆகிய நாடுகளில் பிறப்புப் பதிவிலேயே இனம் ஏறிவிடும். இது பின்னால் பல விஷயங்களைத் தீர்மானிக்கும் என்பதால் அவசரமாக நிரப்பக் கூடாத இடம்.

4. நாட்டுக்கு நாடு எந்தக் கட்டம்

அமெரிக்கா. இரண்டு வடிவங்கள் புழக்கத்தில் உள்ளன. 1997 தரநிலைப்படி முதலில் ஹிஸ்பானிக் கேள்வி, பிறகு ஐந்து ரேஸ் பிரிவுகள். 2024 மார்ச்சில் திருத்திய தரநிலையில் இரண்டும் ஒரே கேள்வியாகி, மத்திய கிழக்கு அல்லது வட ஆப்பிரிக்கர் என்ற பிரிவும் சேர்ந்து மொத்தம் ஏழு. இரண்டிலும் பொருந்தும் எல்லாவற்றையும் குறிக்கலாம்.

இந்தியப் பூர்வீகத் தமிழர் 'ஆசியர்' பிரிவில் 'ஏஷியன் இந்தியன்' குறிக்க வேண்டும். இலங்கைத் தமிழர் 'பிற ஆசியர்' குறித்துக் கீழே உள்ள கோட்டில் 'ஸ்ரீலங்கன்' அல்லது 'ஸ்ரீலங்கன் தமிழ்' என்று எழுதலாம்.

அடிக்கடி நடக்கும் தவறு, 'அமெரிக்கன் இந்தியன்' என்ற கட்டத்தைக் குறிப்பது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய இந்தியர் என்று நினைத்துக்கொண்டு குறிக்கிறார்கள். அது அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கு உரியது. அவர்களின் எண்ணிக்கை ஏற்கெனவே சிறியது. அதில் நாம் தவறுதலாகக் கலந்தால் அவர்களுக்குரிய புள்ளிவிவரம் கெடுகிறது. பள்ளிப் பதிவில் இது நடந்திருந்தால் அலுவலகத்தில் சொல்லித் திருத்துங்கள்.

இன்னொன்று, மானிடவியல் என்ற பெயரில் பழைய பாடப்புத்தகங்கள் சொன்னதை நம்பி 'காக்கேசியன்' என்று வெள்ளையர் கட்டத்தைக் குறிப்பது. இன்றைய தரநிலையில் இந்தியத் துணைக்கண்டம் தெளிவாக ஆசியப் பிரிவுக்குள் வருகிறது. 'திராவிடர்' என்று எழுதுவதும் இங்கே பயன் தராது. அது மொழிக் குடும்பம் சார்ந்த பெயர், கணக்கெடுப்பின் தேர்வுகளில் இல்லை.

பிரிட்டன். இங்கிலாந்து, வேல்ஸில் 2021 கணக்கெடுப்பில் ஐந்து பெரும் பிரிவுகளுக்குள் 19 கட்டங்கள். ஆசியப் பிரிவில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனர், வேறு ஆசியப் பின்னணி. இலங்கைத் தமிழர் கடைசிக் கட்டத்தைக் குறித்துப் பக்கத்தில் எழுத வேண்டும். 'இந்தியர்' குறித்துவிடுவது இங்கே பரவலான தவறு. சுகாதாரச் சேவைப் பதிவில் எழுதும் இடம் பெரும்பாலும் இருக்காது. அங்கே 'வேறு ஆசியப் பின்னணி' மட்டும் போதும். ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் தனியாகக் கணக்கெடுப்பதால் கட்டங்களின் சொற்கள் சற்று மாறும்.

கனடா. தமிழருக்கு மிகத் தெளிவாக இடம் தரும் படிவம் இதுதான். கணக்கெடுப்பின் விரிவான படிவமான நீள்படிவத்தில் இரண்டு தனிக் கேள்விகள். ஒன்று முன்னோரின் இன அல்லது பண்பாட்டுப் பூர்வீகம்: முழுக்க எழுதி நிரப்புவது. இங்கே 'தமிழ்' என்று எழுதுங்கள். இலங்கை என்பதையும் சேர்க்க விரும்பினால் தனிப் பூர்வீகமாகச் சேர்க்கலாம். மற்றது மக்கள் குழுக் கேள்வி: 'தெற்காசியர்' கட்டம். அதன் எடுத்துக்காட்டுகளில் 'ஈஸ்ட் இந்தியன்' என்றிருப்பது இந்தியாவைக் குறிக்கும். முதல் கேள்வியிலும் 'தெற்காசியர்' என்றே எழுதிவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. அப்படி எழுதினால் தமிழர் எண்ணிக்கையில் சேர மாட்டீர்கள். பழங்குடி மக்களைக் குறிக்கும் கேள்வியில் 'இந்தியன்' என்ற சொல் வந்தால் மயங்க வேண்டாம்.

ஆஸ்திரேலியா. ரேஸ் கேள்வி இல்லை. பூர்வீகம் இரண்டு வரை எழுதலாம். 'தமிழ்' என்பதை முதலாவதாக எழுதிவிடுங்கள். வீட்டு மொழிக் கேள்வியில் 'பிற' குறித்துத் தமிழ் என்று எழுத வேண்டும்.

சிங்கப்பூர். சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்ற நான்கு பிரிவு. 'இந்தியர்' என்பதற்குள் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கைப் பூர்வீகம் அனைத்தும் அடங்கும். ஆகவே பிரிட்டனில் 'இந்தியர்' குறிக்கக் கூடாத இலங்கைத் தமிழர் இங்கே அந்தப் பிரிவிலேயே வருகிறார். பதிவான இனம் பள்ளியில் தாய்மொழிப் பாடத்தையும், குடியிருப்புகளில் ஒவ்வோர் இனத்துக்கும் வரம்பு வைத்து 1989 முதல் நடப்பில் உள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்குவதையும் தொடும்.

இலங்கை. இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரு பிரிவுகள். மலையகத்தில் பலர் மலையகத் தமிழர் என்றே தங்களைச் சொல்கிறார்கள். தமிழ் பேசும் இலங்கைச் சோனகர் தனிப் பிரிவு. முன்னோரின் பிறப்புச் சான்றிதழில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தலைமுறை மாறும்போது 'இந்தியத் தமிழர்' 'இலங்கைத் தமிழர்' ஆகியிருந்தால் அது பூர்வீகத் தேடலில் ஒரு தடயம்.

மலேசியா, தென்னாப்பிரிக்கா. இரண்டிலும் 'இந்தியர்' என்ற கட்டம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் அது 'இந்தியர் அல்லது ஆசியர்'. தமிழ் என்ற அடையாளத்தை இந்தக் கட்டம் காட்டாது.

5. கலப்புப் பூர்வீகம்

பெற்றோர் இருவரும் வெவ்வேறு மக்கள் என்றால், குழந்தைக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான நாடுகளில் அப்படி இல்லை.

அமெரிக்கக் கணக்கெடுப்பில் 2000 முதல் ஒன்றுக்கு மேல் குறிக்கலாம். பிரிட்டனில் பல கட்டங்களைக் குறிப்பதற்குப் பதில் 'கலப்பு' என்ற பெரும்பிரிவு இருக்கிறது. அதற்குள் 'வெள்ளையரும் ஆசியரும்' போன்ற கட்டங்கள். அங்கே இரண்டு தனிக் கட்டங்களைக் குறிக்காமல் ஒன்றை மட்டும் குறியுங்கள். சிங்கப்பூரில் 2011 முதல் இரட்டை இனம் பதியலாம், எடுத்துக்காட்டாக 'இந்தியர்-சீனர்'. ஆனால் வீட்டுக் கொள்கை போன்றவற்றில் முதலில் எழுதிய இனமே கணக்கில் வரும். எனவே எது முன்னால், எது பின்னால் என்பதைப் பதிவுக்குப் போகும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

விவரம் தெரிந்த வயதுப் பிள்ளைகள் இருந்தால், தாளின் ஆறாம் வரியை அவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். அடையாளம் தானே அறிவிப்பது என்பதுதான் மேற்சொன்ன கணக்கெடுப்புகளின் அடிப்படை விதி.

6. எழுதும் கோட்டை வீணாக்காதீர்கள்

'பிற' என்று குறித்துவிட்டுப் பக்கத்துக் கோட்டை வெறுமையாக விடுவது மிகப் பெரிய இழப்பு. வெறும் 'பிற' என்பதை எந்திரம் எதோடும் சேர்க்க முடியாது.

ஒரு சொல் அல்லது இரு சொல் போதும்: 'தமிழ்', 'ஸ்ரீலங்கன் தமிழ்', 'இந்தியன் தமிழ்'. 'என் பெற்றோர் இலங்கையிலிருந்து வந்தவர்கள்' என்று வாக்கியம் எழுதினால் குறியீடு இடுபவர் 'இலங்கை' என்பதை மட்டும் எடுப்பார். ஊர்ப் பெயரும் வேண்டாம். குடும்பத்தினர் எல்லோரும் ஒரே எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்துங்கள். இணையப் படிவத்தில் எழுதத் தொடங்கியதும் பட்டியல் விரிந்தால் அதிலிருந்தே தேர்ந்தெடுங்கள். தட்டச்சுப் பிழைக்கு இடமிருக்காது.

மரபணுச் சோதனை முடிவை இந்தக் கோட்டில் எழுதுவோரும் இருக்கிறார்கள். அந்தச் சதவீதங்கள், நிறுவனத்திடம் உள்ள ஒப்பீட்டு மாதிரிகளோடு உங்கள் மாதிரியை ஒப்பிட்ட மதிப்பீடு. மாதிரிகள் கூடினால் சதவீதமும் மாறும். எச்சில் எதையும் மாற்றாமலே அடுத்த ஆண்டு வேறு விடை வரலாம். தூரத்து உறவினரைக் கண்டுபிடிக்க அது உதவும், படிவத்துக்கு உதவாது.

7. தாளைத் தேடல் சொற்களாக மாற்றுங்கள்

இனிப் பூர்வீகத் தேடல். பலர் 'தமிழர் வரலாறு' என்று தேடி, பெருமை பேசும் காணொளிகளில் மாட்டிக்கொள்கிறார்கள். தேட வேண்டியது ஊர், பெயர், காலம், வெளியேறிய பாதை.

தாளின் மூன்றாம், நான்காம் வரிகளில் உள்ள ஒவ்வொரு ஊருக்கும் இன்றைய பெயர், தமிழ் எழுத்துக்கூட்டல், ஆங்கில ஆட்சிக்காலப் பெயர் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். தஞ்சாவூர் ஆவணங்களில் 'டாஞ்சூர்', திருநெல்வேலி 'டின்னவெல்லி', திருச்சிராப்பள்ளி 'டிரிச்சினோபொலி'. இன்றைய விழுப்புரம், கடலூர்ப் பகுதி 'சவுத் ஆர்க்காட்'. இந்தப் பெயர்கள் தெரியாமல் ஆவணக் காப்பகத்தில் ஒன்றும் கிடைக்காது.

மக்களின் பெயரும் அப்படித்தான். இலங்கையின் டச்சு, ஆங்கிலேய ஆவணங்களில் தமிழர் 'மலபார்' என்று பதியப்பட்டிருக்கிறார்கள். ரீயூனியன் தீவிலும் அதே பெயரின் திரிபு இன்றும் வழங்குகிறது. மலாயாவின் பழைய பதிவுகளில் 'கிளிங்' என்று வரும். இன்று அது இழிசொல், தேடலுக்கு மட்டும் தேவைப்படும். மேலை நூலகப் பட்டியல்களில் 'டமில்' என்ற தலைப்பையும் 'இண்டிக் பீப்பிள்' என்ற சேர்க்கையையும் பாருங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்பு அப்படித்தான் இருக்கிறது. பல பல்கலைக்கழக நூலகங்கள் அதையே பின்பற்றுகின்றன.

8. எந்த இடத்தில் முதலில் தேடுவது

வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய மின்னூலகங்களில் தொடங்குங்கள். அங்கே கிடைக்கும் பெயரும் ஆண்டும் இல்லாமல் காப்பகத்துக்கு எழுதினால் 'குறிப்பான விவரம் தருக' என்ற பதில்தான் வரும்.

இலங்கைப் பூர்வீகம் என்றால் 'நூலகம்' என்ற பெயருள்ள நிறுவனத்தின் மின்னூலகம். 2005-இல் தொடங்கியது. ஊர்ப் பெயரைத் தமிழில் இட்டுத் தேடுங்கள். பாடசாலை மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், உள்ளூர்ப் பத்திரிகைகள் வரும். புதிதாக வருவோர் கவனிக்காமல் விடுவது நினைவு மலர்களை. யாழ்ப்பாணப் பக்கம் ஒருவர் இறந்து முப்பத்தொன்றாம் நாள் அச்சிட்டு வழங்கும் அந்தச் சிறு நூலில் பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், மணவுறவு, சில சமயம் மூன்று தலைமுறை வம்சாவளியே இருக்கும். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அப்படி ஒன்று அச்சிட்டார்களா என்று முதலில் கேளுங்கள்.

தமிழ்நாட்டுப் பூர்வீகத்துக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்ற வரிசையில் போங்கள். முதல் இரண்டும் அச்சு நூல், இதழ்களுக்கு. மூன்றாவது அரசுப் பதிவுகளுக்கு. பழைய மாவட்டக் கையேடுகள் ஊரின் நில அமைப்பு, பஞ்ச ஆண்டுகள் ஆகியவற்றைச் சொல்லும். மக்கள் ஏன் கிளம்பினார்கள் என்பதற்கு அங்கே விடை கிடைப்பதுண்டு. இலக்கிய நூல்கள் மட்டும் தேவை என்றால் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போதும்.

அமெரிக்காவில் குடியேறியோரின் கடிதங்கள், படங்கள், துண்டறிக்கைகளுக்கு 2008-இல் தொடங்கிய தெற்காசிய அமெரிக்க மின்னாவணக் காப்பகம். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் பழைய தமிழ் முரசு இதழ்களை மின்வடிவில் வைத்திருக்கிறது. பிறப்பு, திருமணம், சங்க விழாச் செய்திகளில் தாத்தாக்களின் பெயர்கள் கிடைக்க வாய்ப்பு உண்டு. கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையமும் இருக்கிறது.

9. ஒப்பந்தக் கூலிப் பதிவுகளும் கங்காணி முறையும்

முன்னோர் எந்த முறையில் கடல் கடந்தார்கள் என்பதே என்ன ஆவணம் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும்.

ஒப்பந்த முறையில் போனவர்களுக்கு ஆளுக்கொரு பதிவு உண்டு. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை 1,52,184 பேர் போனார்கள். முதல் கப்பலான 'ட்ரூரோ' சென்னையிலிருந்து சென்று 1860 நவம்பர் 16-இல் டர்பனை அடைந்தது. கப்பல் பட்டியலில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, கிராமம், மாவட்டம் இருக்கும். தனித் தாளில் குறித்து வைத்த சாதி விவரம் இங்கேதான் பயன்படும். ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் கொடுத்திருப்பார்கள். பழைய குடும்பச் சான்றிதழ்களில் அந்த எண்ணைத் தேடுங்கள். எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது; பெயர் மட்டும் இருந்தால் ஒரே பட்டியலில் பத்து முனுசாமிகள் வருவார்கள். பட்டியல்களை குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் பார்க்கலாம். மொரிஷியஸுக்குப் போனவர்களின் பதிவுகள் மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. அங்கே உங்களிடமிருந்து பின்னோக்கி ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் தேடல் நகரும்.

இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் பெரும்பாலோர் கங்காணி (ஊரில் ஆள் திரட்டி அழைத்துப்போகும் மேற்பார்வையாளர்) மூலம் கூட்டமாகப் போனார்கள். அவர்களுக்கு அத்தகைய ஆளுக்கொரு பதிவு பெரும்பாலும் கிடையாது. கப்பல் பட்டியல் தேடி மாதக்கணக்கில் காலம் கழிக்காமல் தோட்டப் பள்ளிப் பதிவேடு, தேவாலய ஞானஸ்நானப் பதிவு, கோயில் நன்கொடைக் கல், பிறப்புப் பதிவு ஆகியவற்றுக்கு நேராகப் போங்கள். இலங்கையும் இந்தியாவும் 1964-இல் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் தாயகம் திரும்பிய குடும்பம் என்றால், அப்போது கொடுத்த கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கக்கூடும். அவற்றில் தோட்டத்தின் பெயரும் குடும்பத்தினர் அனைவரின் பெயரும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

10. பெரியவர்களின் குரலைப் பதிவு செய்யுங்கள்

காப்பகம் காத்திருக்கும், பாட்டி காத்திருக்க மாட்டார். மின்னூலகத் தேடல் ஓரளவு முடிந்ததும், காப்பகத்துக்கு எழுதும் முன், இதைச் செய்து முடியுங்கள். ஊர்ப் பெயரும் ஆண்டும் தெரிந்த பின் கேட்டால் கேள்விகள் கூர்மையாக இருக்கும்.

ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போதும். 'உங்கள் கதையைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் பலர் 'என்ன இருக்கு சொல்ல' என்று முடித்துவிடுவார்கள். 'சின்ன வயதில் வீட்டு வாசலில் நின்றால் என்ன தெரியும்?', 'குலதெய்வக் கோயிலுக்கு எந்த வழியாகப் போவீர்கள்?' என்று கேளுங்கள். குலதெய்வத்தின் பெயரும் இடமும் பூர்வீக ஊரைக் காட்டும் உறுதியான தடயம்; ஊரை மறந்த குடும்பம்கூடத் தெய்வத்தின் பெயரை மறப்பதில்லை. பழைய படங்களை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலால் எண்ணிட்டு, பேசும்போது எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 'இதுதான் பெரியப்பா' என்ற குரல் மட்டும் இருக்கும், எந்தப் படம் என்று தெரியாது.

கைப்பேசியை மேசையில் வைக்காமல் மடித்த துணி மேல் வையுங்கள். மேசை அதிர்வு பதிவில் ஏறாது. மின்விசிறியை நிறுத்துங்கள். கோப்பின் பெயரில் பேசியவர், ஊர், தேதி மூன்றும் இருக்கட்டும். இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி வையுங்கள். வெளியில் பகிரலாமா, குடும்பத்துக்குள் மட்டுமா என்பதை அவர் குரலிலேயே தொடக்கத்தில் கேட்டுப் பதிந்துவிடுங்கள். போர், இடப்பெயர்வு பற்றிப் பேசுபவர் நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்த வேண்டும்.

11. சங்கங்களையும் பள்ளிகளையும் அணுகும்போது

உள்ளூர்த் தமிழ்ச் சங்கம், வார இறுதித் தமிழ்ப் பள்ளி, பொது நூலகம் மூன்றையும் தனித்தனியாக அணுகுங்கள். சங்கத்தில் மனிதர்கள் கிடைப்பார்கள், பள்ளியில் பாடத்திட்டம், நூலகத்தில் பிற நூலகங்களிலிருந்து வரவழைக்கும் வசதி.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன் எந்தப் பாடநூல், எந்தப் பேச்சு வழக்கு, நிறைவில் சான்றிதழ் உண்டா, அதை உங்கள் மாநிலமோ மாகாணமோ மதிப்பெண்ணாக ஏற்குமா என்று கேளுங்கள். கலிபோர்னியாவில் தொடங்கி அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் பரவியிருக்கும், ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ந்த மாணவருக்குத் தரும் இருமொழித் திறன் முத்திரையைத் தமிழிலும் பெற்றவர்கள் இருக்கிறார்கள். இது தெரியாமலே பலர் வாய்ப்பை விடுகிறார்கள். பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் இல்லையென்றால் வாய்மொழியாகக் குறைப்படாமல், எழுத்தில் கோரிக்கை கொடுங்கள். அதில் உங்கள் வட்டாரத்தில் தமிழ் பேசுவோர் எண்ணிக்கையைக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்து எழுதுங்கள். இரண்டாம் படியில் மொழி வரியை நிரப்பச் சொன்னது இதற்காகவும்தான்.

12. தவறான பதிவைத் திருத்துவது

தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பழைய பதிவுகளில் தவறு தெரியவரும். மருத்துவமனையிலும் பள்ளியிலும் திருத்துவது எளிது: பதிவு மேசையில் கேட்டால் போதும், ஆதாரம் கேட்கும் வழக்கம் பொதுவாக இல்லை. நிறுவனத்தில் மனிதவளப் பிரிவின் இணையப் பக்கத்தில் நீங்களே மாற்றலாம். பிறப்புப் பதிவும் அடையாள அட்டையும் வேறு. அங்கே உறுதிமொழிப் பத்திரமும் பெற்றோரின் ஆவணங்களும் கேட்பார்கள். முடிந்துபோன கணக்கெடுப்பைத் திருத்த முடியாது, அடுத்த சுற்றில்தான் சரியாக எழுத முடியும்.

எதைத் திருத்தினாலும் தேதியையும், முன்பு என்ன இருந்தது என்பதையும் உங்கள் தாளின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். இரு பதிவுகள் ஏன் வேறுபடுகின்றன என்று பின்னால் யாராவது கேட்டால் காட்ட அது ஒன்றே போதும்.